இறுதியாண்டு ஆய்வேடு: ஏஐ சர்வேயா, இலக்கியமா?

ஆறாம் பருவம் தொடங்குவதற்குள் தலைப்புப் பட்டியல் துறைத்தலைவர் மேசைக்குப் போயாக வேண்டும். சில ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் ஒரே தலைப்பு பல உருவங்களில் வருகிறது. 'கல்லூரி மாணவர்களிடையே செயற்கை நுண்ணறிவின் தாக்கம்', 'உயர்கல்வியில் சாட்ஜிபிடி: ஓர் ஆய்வு', 'கற்றலில் ஏஐ: நன்மைகளும் தீமைகளும்'. இவற்றுக்கு எதிர்வரிசையில் பழைய தலைப்புகள். யாரோ ஒருவரின் நாவல்களில் சமுதாயச் சிந்தனைகள், இன்னொருவர் சிறுகதைகளில் பெண்கள் நிலை. இந்த இரண்டு வரிசைக்கும் நடுவே நின்று எதை எடுப்பது என்று முழிக்கும் மூன்றாம் ஆண்டு தமிழ் இலக்கிய, ஆங்கில இலக்கிய மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏஐ சர்வே சுலபம் என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்கள். சுமாராகச் செய்ய அது சுலபம்தான். உருப்படியாகச் செய்ய இலக்கிய ஆய்வைவிடக் கஷ்டம். இலக்கிய ஆய்வு இதற்கு நேர்மாறு. தொடங்கும்போது மலைப்பாக இருக்கும், ஆனால் நான்கு மாதத்தில் ஓர் இளங்கலை மாணவர் தனியாளாக முடிக்கக்கூடியது. ஆதாரம் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். இலக்கியத்தில் ஆதாரம் உங்கள் மேசைமேல் கிடக்கும் பாட்டு அல்லது கதை. சர்வேயில் அது மற்றவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது.

சர்வே நடைமுறையில் எப்படிப் போகிறது? கூகுள் ஃபார்மில் இருபது கேள்விகள். வாட்ஸ்அப் குழுவில் லிங்க், கூடவே 'ஃப்ரெண்ட்ஸ், ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க, ரெண்டு நிமிஷம்தான்' என்று ஒரு வரி. மூன்று நாளில் நூறு பேர் நிரப்பிவிடுவார்கள். ஃபார்மே வட்ட வரைபடங்களைப் போட்டுக் கொடுத்துவிடும். அதை எடுத்து ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'மேற்கண்ட வரைபடத்தின்படி 62 சதவீதத்தினர்...' என்று எழுதினால் ஓர் இயல் முடிந்தது. பல ஆய்வேடுகளின் மூன்றாம் இயல் இப்படித்தான் பிறக்கிறது.

சிக்கல் அந்த நூறு பேரிடம் இருக்கிறது. அவர்கள் உங்கள் வகுப்பு, பக்கத்து வகுப்பு, பள்ளி நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள். மாதிரி அளவுக்கு எல்லோரும் மேற்கோள் காட்டும் கிரெஜ்சி, மார்கன் அட்டவணை 1970இல் வந்தது. 2,000 பேர் படிக்கும் கல்லூரிக்கு 322 பேர் வேண்டும் என்று அது சொல்லும். அந்த 322 பேரும் குலுக்கல் முறையில் தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது அட்டவணைக்குப் பின்னால் உள்ள கணக்கு. வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டுச் சேர்த்த 322 பேருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் சமூகவியலோ புள்ளியியலோ கொஞ்சம் தெரிந்தவராக இருந்தால் முதல் கேள்வியே அங்கேதான் விழும்.

கேள்விகளின் தரம் அடுத்த தலைவலி. 'செயற்கை நுண்ணறிவு உங்கள் கற்றலை மேம்படுத்துகிறது என்று கருதுகிறீர்களா?' என்று கேட்டு, முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் தொடங்கி முழுமையாக மறுக்கிறேன் வரை ஐந்து கட்டங்கள் கொடுத்தால், பாதிப் பேர் யோசிக்காமல் இரண்டாவது கட்டத்தைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பதிலிலிருந்து எதுவும் தெரியாது. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'கடைசியாக நீங்கள் கொடுத்த அசைன்மென்ட்டில் ஏஐ தந்த வரி ஏதாவது மாற்றாமல் அப்படியே இருக்கிறதா? இருந்தால் முன்னுரையிலா, நடுவிலா, முடிவுரையிலா?' கருத்தைக் கேட்காமல் செய்ததைக் கேட்கிறது. சமீபத்தியது, குறிப்பானது. ஆனால் இதற்கு உண்மையாகப் பதில் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? கேட்பவர் வகுப்புத் தோழர், நெறியாளர் அந்த அசைன்மென்ட்டைத் திருத்திய அதே ஆசிரியர். பெயர் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு 'பால், விடுதியா வீடா, எந்த ஊர்' என்று மூன்று கேள்விகள் வைத்தால் நாற்பது பேர் வகுப்பில் ஆளைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிப்பை அணைக்காமல் விட்டுவிடுவது இன்னொரு வழக்கமான கோளாறு.

பிறகு புள்ளியியல். இலக்கியத் துறை மாணவர்கள் வணிகவியல் படிக்கும் தோழியிடம் எக்ஸெல் கோப்பைக் கொடுத்து, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு வாங்கிக்கொள்வது ஊரறிந்த விஷயம். ஆண் பெண் வேறுபாடு உண்டா என்று ஒரு கை-ஸ்கொயர் சோதனை இருந்தே தீரும். ஏன் ஆண் பெண் என்று கேட்டால் பதில் இருக்காது. வைவாவில் 'பி மதிப்பு 0.03 என்றால் என்ன பொருள்' என்று கேட்டால், தோழி பக்கத்தில் இருக்க மாட்டார்.

ஏஐ பற்றிய தலைப்புக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. பொருள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30. மனிதர் எழுதியதா எந்திரம் எழுதியதா என்று கண்டறியும் கருவி ஒன்றை அதே ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்டது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. இப்படி ஆறு மாதத்தில் அடியோடு மாறும் ஒன்றைப் பற்றி டிசம்பரில் கேட்டு ஏப்ரலில் பைண்டிங் போடுகிறீர்கள். அடுத்த ஆண்டு உங்கள் ஜூனியர் அதைப் புரட்டும்போது கேள்விகளே பழசாகியிருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏஐ பக்கமே போகாதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. கல்விக்கூடத்தில் ஏஐ என்பது உண்மையிலேயே கனமான பொருள்தான். எந்திர எழுத்தைக் கண்டறியும் கருவிகள், தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்களின் கட்டுரைகளை எந்திரம் எழுதியவை என்று தவறாகச் சொல்வதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக மனிதர்கள் எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இப்படி மாட்டிக்கொண்டன. தமிழ்வழியில் பள்ளி முடித்து ஆங்கிலத்தில் கவனமாக, எளிய வாக்கியங்களாக எழுதும் நம் மாணவருக்கு இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் கதை அல்ல. கருவி சொன்னதை நம்பி மதிப்பெண் குறைக்கும் கல்லூரியில் படித்தால் அவருக்கு நாளைக்கே நடக்கலாம்.

ஆக ஏஐதான் வேண்டுமென்றால் சர்வேயை விடுங்கள், நேர்காணலுக்குப் போங்கள். உங்கள் ஊரிலுள்ள கல்லூரிகளில் பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்களைப் பாருங்கள். அசைன்மென்ட் கொடுக்கும் முறையை மாற்றினீர்களா? கையால் எழுதி வரச் சொல்கிறீர்களா? சந்தேகம் வந்தால் என்ன செய்கிறீர்கள், எதை வைத்துச் சந்தேகப்படுகிறீர்கள்? ஒவ்வொருவரும் அரை மணி நேரம் பேசுவார்கள். அனுமதி வாங்கிப் பதிவு செய்து, எழுத்தாக்கி, அவர்கள் சொல்வதில் எங்கெங்கே தயக்கம் வருகிறது, எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். பேச்சை நுணுக்கமாக வாசிப்பது இலக்கிய மாணவருக்குக் கைவந்த வேலை. எஸ்பிஎஸ்எஸ் தேவைப்படாது.

இனி இலக்கியம். "எல்லாரும் எழுதி முடிச்சிட்டாங்களே ஐயா, புதுசா சொல்ல என்ன இருக்கு?" என்று கேட்காத மாணவர் இல்லை. நியாயமான கேள்வி. இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் சங்க இலக்கியம் என்று தேடினால் முனைவர் பட்ட ஆய்வேடுகள் வந்து குவியும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏஐ பக்கம் ஓடுகிறார்கள். ஆனால் தலைப்புகளைக் கொஞ்சம் பாருங்கள். பலவும் மொத்த நூலையும் ஒரே கையில் அள்ளப் பார்ப்பவை. ஒரு பாட்டின் முன்னால் நிதானமாக உட்கார்ந்தவை குறைவு.

குறுந்தொகையில் இருபத்தைந்தாம் பாட்டை எடுத்துக்கொள்வோம். கபிலர் பாடியது, ஐந்தே அடி. களவில் கூடிய தலைவன் மணம் பேச வராமல் நாளைத் தள்ளுகிறான். தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? பிறகு ஒரு குருகு வருகிறது. 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால', தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்கள். ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு அதுவும் நின்றது, அவன் என்னை மணந்த அந்த வேளையில்.

இருந்த ஒரே சாட்சி ஒரு பறவை. அதன் பார்வையும் மீன்மேல். இதுவரை வகுப்பில் சொல்லிவிடுவார்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் நில்லுங்கள். பறவை இவர்களைப் பார்க்கவில்லை, ஆனால் தலைவி பறவையைப் பார்த்திருக்கிறாள். காலின் நிறம், மெலிவு, அது எதைப் பார்த்தது என்பது வரை. அப்படிப்பட்ட வேளையில் அவள் கண் ஏன் அங்கே போனது? அப்போதே ஒரு சாட்சியைத் தேடினாளா, அல்லது இப்போது கைவிடப்படுவோமோ என்ற பயத்தில் நினைவைத் துழாவும்போது அந்தக் குருகு அகப்பட்டதா? கேள்வி பிறந்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு, பார்த்தவர் யார், சாட்சி யார் என்ற பிரச்சினை வேறு எந்தத் தலைவி கூற்றுகளில் வருகிறது என்று குறுந்தொகை முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். நானூற்றுச் சொச்சம் சிறு பாட்டுகள், நாளுக்கு இருபது என்றால் மூன்று வாரம். எட்டோ பத்தோ பாட்டுகள் தேறினால் ஓர் இளங்கலை ஆய்வேட்டுக்குத் தாராளம்.

துணைக்கு வேண்டியதும் எட்டும் தூரத்தில்தான். உ.வே.சாமிநாதையர் உரையோடு கூடிய 1937ஆம் ஆண்டுப் பதிப்பின் மறுஅச்சு பெரும்பாலான கல்லூரி நூலகங்களில் இருக்கும். மூலபாடம் மதுரைத் திட்ட இணையத்தளத்தில் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. சென்னைக்கு வர முடிந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நவீன இலக்கியம் வேண்டுமென்றால் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகள் தடையில்லாமல் கிடைக்கும். ஈழத்துப் படைப்பு என்றால் நூலகம் இணையத்தளம். ஆங்கிலத் துறை மாணவர்களும் இப்படியே ஒரு கவிதை, ஒரு சிறுகதை என்று சுருக்கிக்கொள்ளலாம். மூன்று நாவல்களையும் நான்கு கோட்பாடுகளையும் ஒரே தலைப்பில் கட்டாதீர்கள்.

இலக்கிய ஆய்வின் பலவீனத்தையும் மறைக்க வேண்டியதில்லை. நம் கல்லூரிகளில் அது பெரும்பாலும் கதைச்சுருக்கமாகச் சரிந்துவிடுகிறது. ஆசிரியர் வாழ்க்கை வரலாறு ஓர் இயல், கதைச்சுருக்கம் ஓர் இயல், 'சமுதாயச் சிந்தனைகள்' என்று ஓர் இயல். இந்த அச்சில் வார்த்த ஆய்வேட்டை இன்று ஏஐ ஒரு நிமிடத்தில் எழுதித் தந்துவிடும், அதுவும் எழுத்துப்பிழை இல்லாமல். தேர்வாளருக்கும் அது தெரியும். நீங்கள் உண்மையாகவே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் சந்தேகத்தோடுதான் புரட்டுவார். ஆகவே பழைய அச்சுத் தலைப்பா, ஏஐ சர்வேயா என்று என்னைக் கேட்டால் சர்வேயை எடுங்கள் என்றுதான் சொல்வேன். அதில் குறைந்தபட்சம் கேள்வித்தாள் தயாரிக்கவாவது கற்றுக்கொள்வீர்கள்.

கணினியும் தெரியும், இலக்கியமும் பிடிக்கும் என்பவர்களுக்குச் சொல்லடைவு வழி ஒன்று உண்டு. ஆன்ட்கான்க் போன்ற இலவச மென்பொருளில் யூனிகோடு உரையைப் போட்டால் எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டிவிடும். தமிழில் விகுதியும் வேற்றுமை உருபும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல் இருபது வடிவத்தில் வரும், சந்தி வேறு உருவை மாற்றும். எண்ணிக்கையை அப்படியே நம்பி அட்டவணை போட்டால் கவிழ்ந்துவிடும். வடிவங்களைக் கையால் சேர்க்கப் பொறுமை இருந்தால் இறங்குங்கள்.

ஏஐயையும் இலக்கியத்தையும் ஒன்றாக்கும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு அதைத்தான் அதிகம் சொல்கிறேன். ஏஐ பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்காமல், ஏஐ ஒரு பாட்டை எப்படி வாசிக்கிறது என்று இலக்கிய மாணவராக நீங்களே சோதிப்பது.

குறுந்தொகைப் பாட்டுகள் ஒவ்வொன்றின் கீழும் இது யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்று கூற்றுக் குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கொடுத்து, பேசுவது யார், கேட்பது யார், எந்தச் சூழல், எந்த அடியை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று கேளுங்கள். பதினைந்து பாட்டுகள், சாட்ஜிபிடி, ஜெமினி என்று இரண்டு கருவிகள், ஒவ்வொன்றிலும் புதிய உரையாடல் தொடங்கி மூன்று முறை. தொண்ணூறு பதில்கள் கையில் வரும். மூன்று முறை கேட்பது வீண் வேலை அல்ல. ஒரே கேள்விக்கு இன்று தலைவி என்றும் நாளை தோழி என்றும் பதில் மாறலாம். அந்த மாற்றமே உங்கள் தரவு.

பிறகு தவறுகளை வகைப்படுத்துங்கள். பேசுபவரை மாற்றிச் சொன்னது ஒரு வகை. திணையைக் குழப்பியது ஒன்று. பாட்டில் இல்லாத அடியை இருப்பதாக மேற்கோள் காட்டியது இன்னொன்று. சங்கப் பாட்டுக்கு இது நிறையவே நடக்கும், அசல் போலவே ஓசையோடு வரும், ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தோடு ஒப்பிடாமல் விடாதீர்கள். எல்லாவற்றையும் 'இயற்கையோடு இயைந்த காதல்' என்று பொதுவாக வழவழப்பாக்கிவிடுவது நான்காவது. எனக்கு அதுதான் மிகவும் சுவாரசியமான வகை. குருகுப் பாட்டில் பயமும் கசப்பும் இருக்கின்றன. அதை எந்திரம் அழகிய இயற்கை வருணனை என்று சொல்லிவிட்டால், எந்த அடியில் அது தடம் தவறியது என்று நீங்கள் ஒரு பக்கம் எழுதலாம். அந்த ஒரு பக்கம் சுத்தமான இலக்கிய ஆய்வு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. குறுந்தொகையும் அதன் உரைகளும் இணையத்தில் ஏராளம். எந்திரம் சரியான பதில் சொன்னால் அது வாசித்துச் சொன்னதா, பயிற்சியின்போது படித்ததை ஒப்பித்ததா என்று பிரித்தறிய முடியாது. இதைக் கவனிக்காமல் 'ஏஐ 80 சதவீதம் சரியாகச் சொன்னது' என்று எழுதினால் ஆய்வு அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். வழி இருக்கிறது. இந்த மாதச் சிற்றிதழில் வந்த ஒரு கவிதையையோ, இதுவரை எங்கும் வெளிவராத, வகுப்புத் தோழர் எழுதிய ஒன்றையோ (அனுமதி கேட்டு) சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு உரை எங்கும் கிடையாது. பழைய பாட்டில் தடுமாறாத எந்திரம் புதிய பாட்டில் தடுமாறினால் சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் அதுவும் ஒரு முடிவுதான்.

ஏஐ சர்வேயைப் பிடித்து ஆட்டிய 'பழசாகிவிடும்' தொல்லை இங்கும் உண்டு. ஆனால் பாதிப்பு குறைவு. எந்தத் தேதியில், எந்தக் கருவியின் எந்தப் பதிப்பில் கேட்டோம் என்று குறித்துவைத்தால் அடுத்த ஆண்டு ஒருவர் அதே பாட்டுகளைப் புதிய பதிப்பில் கேட்டு ஒப்பிட முடியும். பாட்டு மாறாமல் இருப்பதால் ஒப்பிட ஓர் அடித்தளம் இருக்கிறது.

யாருக்கு எது? முதுகலையில் சமூகப்பணி, இதழியல், எம்பிஏ என்று போகிறவர்கள் சர்வேயோ நேர்காணலோ செய்யட்டும். அங்கே அந்தப் பழக்கம் கேட்பார்கள். தமிழோ ஆங்கிலமோ முதுகலையிலும் தொடரப்போகிறவர்கள் ஒரு பாட்டையோ கதையையோ இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்காண்டு இளங்கலையில் சேர்ந்தவர்களுக்குக் கணக்கு வேறு. யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி, முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் 12 கிரெடிட்டுக்கு ஆய்வு செய்யலாம். ஒரு முழு ஆண்டு கையில் இருப்பவர்கள் மூன்றாவது வழியைத் தாராளமாக எடுக்கலாம். ஒரே பருவம் மட்டும் இருப்பவர்கள் பதினைந்து பாட்டை எட்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நெறியாளர் யார் என்பதும் தலைப்பைத் தீர்மானிக்கும். இதைப் பலர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. உங்கள் ஐயாவோ அம்மாவோ சங்க இலக்கியத்தில் ஊறியவர் என்றால் அவரிடம் போய்ப் புள்ளியியல் கேட்காதீர்கள். ஏஐ என்றாலே முகம் சுளிப்பவராக இருந்தால் மூன்றாவது வழியை 'உரைகளின் ஒப்பாய்வு' என்ற கோணத்தில் எடுத்துச் சொல்லுங்கள். உரையாசிரியர் வாசிப்புக்கும் எந்திர வாசிப்புக்கும் ஒப்பீடு என்றால் அவருக்கும் பிடி கிடைக்கும், பொய்யும் இல்லை.

எதை எடுத்தாலும் ஏஐயைத் தொடாமல் ஆய்வேடு எழுதப்போகிறீர்கள் என்று யாரும் நம்பப்போவதில்லை. எங்கே பயன்படுத்தினீர்கள் என்று முன்னுரையில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்: தலைப்புத் தேடவா, ஆங்கிலச் சுருக்கம் திருத்தவா, நூற்பட்டியல் ஒழுங்குபடுத்தவா. நூற்பட்டியல் என்றால் ஒவ்வொரு நூலையும் நூலகத்தில் கையில் எடுத்துப் பதிப்பாண்டைச் சரிபாருங்கள், இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண் வரை கொடுக்கும் பழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு. உரையாடல்களை பிடிஎஃப் ஆக்கிப் பின்னிணைப்பில் வைத்துவிடுங்கள். வைவாவில் கேட்டால் பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம்.